முள்வாங்கியை நல்லதம்பி கொண்டு வருகிறான்

குத்துக்கல்வலசை
1938 சித்திரை 15, வியாழன்

சௌபாக்கியவதி மகள் முத்துவடிவுக்குத் தகப்பன் பலவேசம் ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம் என்று எழுதிவிட்டு உன் சுகம் கேட்பதுதான் முறை. நேற்று உன் கடிதம் வந்தபின் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மன் கொடைத் திருவிழாவுக்கு என் கையில் காப்புக் கட்டினார்கள், புதன்கிழமை உன் கடிதம் வருகிறது. இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் நான் இந்நேரம் பீர்மேட்டுக்கு வந்து சேர்ந்திருப்பேன். இப்போது அடுத்த செவ்வாய் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அந்த எஸ்டேட்டுக்குப் போகவேண்டாம் என்று நான் படித்துப் படித்துச் சொன்னது உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஞாபகம் இருக்கும், அதை இப்போது பேசிப் பயனில்லை.

எஸ்டேட் மாடுகளுக்குப் புல் அறுத்துவிட்டு வந்த அன்று தொடை இடுக்கில் உண்ணி கடித்திருந்தது என்றும், மாப்பிள்ளை பீடிக் கங்கால் அதைச் சுட்டுப் பிடுங்கி எறிந்தார் என்றும், அந்த இடம் இப்போது கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். மாட்டு உண்ணிதானே, ஒன்றும் செய்யாது என்று எனக்கே சமாதானம் வேறு சொல்கிறாய். உனக்கு இதுவரை சொல்லாததை இப்போது சொல்கிறேன். போன வருஷம் எனக்குச் சளிக்காய்ச்சல் என்று எழுதினேன் அல்லவா, அது சளி இல்லை. காப்புக் கட்டிய மறுநாள் காளையைத் தேய்த்துக் குளிப்பாட்டினேன், அன்று கக்கத்தில் ஓர் உண்ணி ஏறிவிட்டது. காப்போடு இருக்கிறவன் ஓர் உயிரைக் கொல்லக்கூடாது என்று அதை எடுக்காமல் விட்டேன். ரத்தம் குடித்துவிட்டுத் தானாக விழட்டும் என்று நாலு நாள் பேசாமல் இருந்தேன். விழுந்தது. அப்புறம் உனக்கு இருக்கிறதே, அதே கறுப்புப் பொருக்கு. கொடை முடிந்தபின் காய்ச்சல், தலையைப் பிளக்கிற வலி, உள்ளங்கையில்கூடச் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. பதினாறு நாள் பாயில் கிடந்தேன். தென்காசியிலிருந்து வந்த ஆஸ்பத்திரி டிரசர், "கொல்லாட்டா போவுது, பிடுங்கிக் காட்டுல விட்டிருக்கலாமே பெரியவரே" என்றார். எனக்கு அந்த யோசனை வரவில்லை. நான் செய்தது பிசகு.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நெருப்பு வச்சா அது வயித்துல உள்ளத ஒம்ம ஒடம்புக்குள்ள கக்கிட்டுத்தான் சாவும்" என்றார். புகையிலை, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவும் வைக்கக்கூடாது. நகத்தால் நசுக்கக்கூடாது. முள்வாங்கியால் தோலை ஒட்டி, அதன் வாய்ப் பக்கமாகப் பிடித்து, திருகாமல் நேராக மெள்ள இழுக்கவேண்டும். பிறகு சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். இரும்புக்கடை காஜா ராவுத்தரிடம் நுனி மெலிந்த முள்வாங்கியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். புல்லுக்குப் போய் வந்தால் லயத்து வீட்டுக்கு வெளியிலேயே சேலையை உதறிவிடு. காதுமடலுக்குப் பின்னால், தலை வகிடு, கக்கம், இடுப்பில் கொசுவம் சொருகுகிற இடம், முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பார். உனக்குத் தெரியாத இடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கச் சொல், அவளுக்கு நீ பார். புல்லுக்கட்டின்மேல் உட்காராதே.

இதற்கு நானே வரவேண்டியவன். நேற்றுச் சாயங்காலம் கோவில் பெரியவர் சங்கரபாண்டி அண்ணாச்சியிடம் போனேன். விடுப்புக் கேட்கப் போகவில்லை, வேறு வழி உண்டா என்று விசாரிக்கத்தான் போனேன். "ஏன்வே பலவேசம், நல்லதம்பிக்கு ஒரு சட்டம், ஒமக்கு ஒரு சட்டமா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டுவிட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் நல்லதம்பியின் பெண்சாதி அச்சன்புதூரில் பிரசவ வலியில் கிடந்தபோது, காப்புக் கட்டினவன் போகக்கூடாது என்று பாதையில் நின்று மறித்தவன் நான். பிள்ளை தங்கவில்லை. நான் சொன்னது முறைதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் இன்று ஊரில் யாரும் என்னை மறிக்கவில்லை. எல்லோரும் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். எல்லையில் இருக்கும் ஓடைப் பாலம்வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். உன் அம்மா, "இது சாமிக்குக் கட்டுன காப்பா, ஒம்ம வீம்புக்குக் கட்டுன காப்பா?" என்று கேட்டுவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

நல்லதம்பியிடம் நான் கேட்கவில்லை. உன் அம்மா போய்க் கேட்டாள். அவன் அந்த வருஷத்தோடு காப்புக் கட்டுவதை விட்டவன். "மாமா எல்லைக்குள்ளயே பத்திரமா நிக்கட்டும் அத்தை, நான் போயி முத்துவடிவைக் கையோட கூட்டிட்டு வாரேன்" என்றானாம். அப்படிச் சொல்ல அவனுக்குப் பாத்தியதை உண்டு. நாளைக் காலை ரயிலில் புறப்படுகிறான், இந்தக் கடிதமும் முள்வாங்கியும் அவன் கையில்தான் வருகின்றன.

அவன் வந்த உடனே எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போ. கம்பவுண்டர் ஆண்பிள்ளை, அந்த இடத்தை எப்படிக் காட்டுவது என்று எழுதியிருக்கிறாய். காட்டாதே. கறுப்புப் பொருக்கு இருக்கிறது, உண்ணி கடித்தது, இத்தனை நாள் ஆயிற்று என்று வாயால் சொல், அங்கே இருக்கும் மருத்துவச்சி பார்த்துக்கொள்வாள். சொல்ல வெட்கம் என்றால் நல்லதம்பியைச் சொல்லச் சொல். கங்காணி உத்தரவு தரமாட்டான் என்று மாப்பிள்ளை தயங்கினால், நான் அவரை இனி மருமகன் என்று சொல்லமாட்டேன் என்று சொல்லிவிடு. பிரயாணம் செய்யத் தெம்பு இருந்தால் வந்துவிடு, இல்லாவிட்டால் நல்லதம்பி உன் கூடவே இருப்பான்.

காய்ச்சல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன் நான். முதல் பக்கம் உன் எழுத்து. இரண்டாம் பக்கத்தில் கடைசி ஆறு வரி கீழே சரிந்து போகிறது, உன் பெயரில் வரும் 'டி'யையே 'ட' என்று எழுதியிருக்கிறாய். காய்ச்சல் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை மட்டும் எனக்கு மறைக்காமல் எழுது.

முப்பிடாதி அம்மன் உன்னைக் காக்கட்டும். மாப்பிள்ளைக்கும் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
எல்லைக்குள் நிற்கும் உன் தகப்பன்,
பலவேசம்