தக்காளிப் பாத்தியில் மயில்கள்

கள்ளக்குறிச்சி. கார்த்திகை, செவ்வாய் இரவு.

சென்னையிலிருந்து ஞாயிறன்று வரும் மகள் தன் கையாலேயே பறிக்க வேண்டும் என்றதால், பழுத்த தக்காளிகளைச் செடியிலேயே விட்டிருந்தேன். இன்று காலை அவற்றை மயில்கள் தின்றுவிட்டன. மயில் சட்டப் பாதுகாப்புப் பெற்ற பறவை என்பதால், கல்லெறிய எவரையும் நான் அனுமதித்ததில்லை. அச்சுறுத்துவதில் மட்டும் ஆட்சேபமில்லை என்று கருதி, வழக்காடும்போது நான் அணிந்த பழைய கறுப்புக் கோட்டு ஒன்றைக் கழியில் மாட்டிப் பாத்தியின் நடுவே நிறுத்தியிருந்தேன். அதன் நிழலில் நின்றே தின்றிருக்கின்றன.

பக்கத்து வீட்டு மளிகைக்கடை ரஹீம் பாய் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா வக்கீல் சார், அந்தக் கோட்டுக்கு கோர்ட்லயே யாரும் பயப்படல. மயிலு பயப்படுமா?"

மகளிடம் இன்னும் சொல்லவில்லை. எஞ்சிய ஒரே செங்காயின் மேல் கோழிக்கூடையைக் கவிழ்த்துக் கல்லும் வைத்திருக்கிறேன். ஞாயிறுக்குள் அது பழுத்தாக வேண்டும்.