ஒற்றைத் தோடு

விக்னேஷ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இஷ்டமில்லை, கேட்காமல் கடிதம் தொடங்கக் கூடாதே என்பதற்காகக் கேட்டு வைக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், உன் அப்பா இடையில் பிடுங்கி, "விடு வள்ளி, பய பாவம்" என்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை வினிதாவின் மகள் மகிழினி காதுகுத்தை உனக்காக இரண்டு தடவை தள்ளிப் போட்டோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும் என்பது உனக்குத் தெரியாதா? ஒவ்வொரு தடவையும் அதே கதை. குவாண்டம் கம்ப்யூட்டர் சில்லில் ஏற்றுகிற சக்தி நிற்காமல் வீணாகிறது, உலோகத்தின் மேல் காற்றுப் பட்டதும் படிகிற மெல்லிய படலம்தான் அதைத் தின்கிறது, அதை அமிலத்தில் கழுவி, மறுபடி படிவதற்குள் குளிர்ப்பெட்டிக்குள் வைத்து அளக்க வேண்டும், நகர முடியாது என்றாய். நானும் நம்பி, ரெட்டியார்சத்திரம் பூராவும், "எம்மகன் செத்த நேரம்கூட நகர ஏலாத வேலையில இருக்கான்" என்று பெருமை பேசித் திரிந்தேன்.

மூன்றாவது தடவை, வீடியோவில் வருகிறேன், போனை மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாய். போனுக்கு மடி ஏதுடா? கடைசியில் உன் சித்தப்பா மகன் முகேஷ்குமார் மடியில்தான் மகிழினியை உட்கார வைத்தோம், அவனும் மாமன் முறைதானே. நீ தலையையும் வாயையும் மூடிய வெள்ளை உடுப்போடு போனில் வந்து நின்றாய், பிள்ளை மிரண்டு போனது. ஆசாரி வலது காதைக் குத்தி முடித்த நேரம், உன்னோடு வேலை பார்க்கிற ரொனால்டு, லீவில் வந்தவனை ஊர்க்காரன் ஆயிற்றே என்று அழைத்திருந்தோம், அவன் சிரித்துக்கொண்டே, "என்னடா இம்புட்டு வேசம்? குளிர்ப்பெட்டி ரிப்பேராகி மாசம் பூராத் திறந்துல்ல கிடக்கு" என்றான். உன் முகம் டக்கென்று போனில் மறைந்தது. வினிதா எழுந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் வந்து மடியில வச்சா மறுகாதைக் குத்துங்க, இல்லாட்டி வேணாம்" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் அழுதாள். ஆசாரி ஊசியும் கையுமாக நின்றார்.

பந்தியில் ரொனால்டைக் குடைந்து கேட்டேன். எத்தனை கழுவியும் உன் நியோபிய உலோகத்தில் சக்தி இழப்பு குறையவில்லையாம், டாண்டலம் என்கிற வேறு உலோகத்துக்கு மாறியவர்கள் முந்திவிட்டார்களாம், வெறுங்கையோடு ஊருக்கு எப்படிப் போவது என்று புலம்பினாயாம். இங்கே யாருடா உன்னிடம் சில்லைக் கேட்டது? தோற்றதைச் சொல்ல வெட்கம், பெற்றவளிடம் பொய் சொல்ல வெட்கமில்லையா? உலோகத்தை மாற்று, ஆளை மாற்று, என்னவோ செய். தங்கச்சியைச் சபையில் அழவைத்ததை நான் மன்னிக்க மாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. அமிலத்தைத் தொடும்போது கையுறை போட்டுக்கொள். இதைப் பாசம் என்று நினைத்துவிடாதே. கருப்பசாமி உனக்கு ஆயுசையும் புத்தியையும் கொடுக்கட்டும், புத்தியை முதலில்.

ஒன்றை மறந்துவிடாதே. மகிழினி ஒற்றைத் தோட்டோடுதான் பால்வாடிக்குப் போகிறாள். யாராவது கேட்டால் வெறுங்காதைத் தொட்டு, "இது மாமாவுக்கு" என்கிறாள்.

ஆத்திரத்தோடு,
உன் அம்மா சண்முகவள்ளி