சரோஜாவின் வாய்

மார்ச் 4, 2025

காலை ஷிப்ட். பஸ்ஸில் இரண்டு பெண்கள் செல்ஃபி கேட்டார்கள். என்னிடம் அல்ல, ஃபேக்டரி லைனை மேய்க்கும் 'லைன் லீடர் சரோஜா'விடம். தலையில் நீல வலை, வாயில் அம்மாவின் திட்டு. ரீல்ஸில் நான் போடும் வேஷம் அவ்வளவுதான். நான்கு லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

மார்ச் 19

என் ரீல்ஸைப் போடும் ஏஜென்சியின் சிவசங்கர், தினமும் லைவில் உட்கார்ந்து பார்ப்பவர்களிடம் காசு கிஃப்ட் கேட்கச் சொல்கிறான். பிச்சை எடுக்கவா நடிக்க வந்தேன்? விலகுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "தாராளமா போங்க. அக்ரிமெண்ட்ட ஒருவாட்டி படிச்சிட்டுப் போங்க" என்றான்.

மார்ச் 20

படித்தேன். விலகினால் இரண்டு வருடம் வேறு எந்தப் பக்கத்திலும் என் முகமோ குரலோ வரக்கூடாது. சரோஜா அவர்கள் சொத்து. ஷிப்ட் தொடங்கும்போது சேஃப்டி பேப்பர் நீட்டுவார்களே, நாற்பது பேரும் நின்றவாக்கில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவோமே – அப்படித்தான் இதிலும் போட்டிருக்கிறேன். புத்தி எங்கே போச்சு எனக்கு?

ஏப்ரல் 11

என்ன செய்துவிடுவான் என்று விலகி, சொந்தப் பக்கம் தொடங்கி ஐந்தே நாள். வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. பக்கத்தை அழித்தேன்.

"என் பேச்சு அவன் சொத்தா? வூட்ல நான் உன்னத் திட்னா எனக்கும் நோட்டீஸ் உடுவானா?" என்று அம்மா கேட்டாள். சிரித்தேன். அப்புறம் அழுதேன்.

ஏப்ரல் 12

எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 2

சரோஜா திரும்பி வந்துவிட்டாள். வேறு பெண், அதே நீல வலை. பெயர் தென்றல், கோயம்புத்தூர்க்காரி. லைனில் என் பக்கத்தில் நிற்கும் கனகம் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, சரோஜா 'ஏனுங்க'ன்றா?" என்றாள்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

கம்பெனி விழாவில் நடிக்க முதலில் என்னைத்தான் கேட்டார்கள். யாராவது வீடியோ எடுத்துப் போட்டால் என் கதி? மாட்டேன் என்றேன். தென்றலை அழைத்து வந்துவிட்டார்கள். கேன்டீன் ஹாலில் மேடை. யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

முடிந்ததும் என்னைத் தேடி வந்தாள். "அக்கா, இது உங்களோடதுன்னு தெரியுமுங்க. நானும் அதே அக்ரிமெண்ட்தானுங்க போட்டிருக்கேன். இந்த ஊர்ல எப்படித் திட்டுவாங்கன்னு சொல்லித் தர்றீங்களா?"

போடி என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் சரோஜா இப்படித் தப்பும் தவறுமாகப் பேசுவதை இன்னொரு தரம் கேட்க என்னால் முடியாது. காலையில் அம்மா என்னைத் திட்டியதை அப்படியே பேசிக் காட்டினேன்.

"இருங்க, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்று ஃபோனை நீட்டினாள்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன்.