பேட்டரி இறங்கிய காலைகள்

நவம்பர் 4, செவ்வாய்

மழை, விட்டுவிட்டு. இவர் நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு எங்கே போகிறார்? எனக்குத் தெரியவில்லை. கேட்டால் ‘மில்லுக்கு’ என்பார். மறதி நோய் வந்து, மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வேலையை விட்டே நான்கு வருடம். அதுவும் வைப்பரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி வழியே பார்க்கிற பார்வை, மில்லைப் பார்க்கிற பார்வையாக இல்லை.

காலையில் மறுபடி பேட்டரி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு கணேசன் டிராக்டரைக் கொண்டுவந்து ஒயர் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார்.

‘இன்னா டீச்சர், எங்க டிராக்டரு மொகத்துல முழிச்சாதான் எய்ந்துப்பேன்னுது உங்க காரு.’

சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

‘கரும்பு வெட்டு ஆரம்பிச்சிட்சின்னா காலைல நான் இருக்கமாட்டேன். பாத்துக்குங்க.’

மலை ஏறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டாம் பாடவேளை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு மின்சுற்று செய்முறை இன்னொரு நாள்.

வாங்க: ரவை, அவர் மாத்திரை, டயப்பர், கொசுவத்தி.

நவ. 5, புதன்

வெயில், புழுக்கம். கச்சிராயப்பாளையம் சாலையில் பேட்டரிக் கடை.

‘பேட்டரி மேல தப்பு இல்ல டீச்சர். மாத்தி ஆறு மாசங்கூட ஆவல. மணிக்கணக்கா ரேடியோ பாடிக்கினே இருந்தா எந்த பேட்டரி தாங்கும்? சாவிய எட்த்து ஒளிச்சி வெச்சிடுங்க.’

அவருக்கு எப்படித் தெரியும். ஆவணியில் ஒளித்து வைத்தேன். வீடு முழுக்கத் தேடிவிட்டு இவர் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். சங்கராபுரம் சாலையில் ஒரு டீக்கடைக்காரர் பிடித்து உட்கார வைத்திருந்தார். காலில் செருப்பு இல்லை. அதன் பிறகுதான் சிப் இல்லாத மாற்றுச் சாவி செய்து கையில் கொடுத்தேன். அதற்கு இன்ஜின் ஓடாது. ரேடியோ பாடும், வைப்பர் ஆடும். அவருக்கு அது போதும். பேட்டரிக்குத்தான் தாங்கவில்லை.

ஒரு நாள் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டும் பார்த்தேன். வைப்பர் ஆடவில்லை என்று ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். அதோடு விட்டேன்.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். கையடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் வந்திருக்கிறதாம். வீட்டில் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டால் யார் டிராக்டரும் வேண்டாம். ‘போன் சைசுதான் டீச்சர். லாரியவே கெளப்பும்.’

லாரியை. நம்பவில்லை.

நவ. 6, வியாழன்

மலையில் பனிமூட்டம். எதிரே வருவது தெரியாமல் முகப்பு விளக்கைப் போட்டு ஏறினேன். அணைக்க மறந்துவிட்டேன், சாயங்காலம் வண்டி கிளம்பவில்லை. இது என் தவறு, அவருடையது இல்லை.

மலையில் எல்லோரும் வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, டயருக்குக் கல் வைப்பார்கள். கல்லை எடுத்தால் உருண்டு, உருளும் வேகத்திலேயே கிளம்பிவிடும். பேட்டரியே வேண்டாம். அத்தனை வருடப் பழக்கம், நானும் அப்படியே நிறுத்தியிருக்கிறேன். இது ஆட்டோ கியர் வண்டி. உருளும், கிளம்பாது. இயற்பியல் படித்தவள்.

சொல்வதற்குள் வாட்ச்மேனும் இன்னும் நான்கு பேரும் கல்லை எடுத்துத் தள்ளிவிட்டார்கள். வளைவு வரைக்கும் போய் நின்றது.

‘கெளம்பலியே.’

‘ஆட்டோ கியருங்க’ என்றேன்.

‘அப்ப கீழ தள்ள ஒரு கூட்டம், மேல தள்ள ஒரு கூட்டமா? மொதல்லயே சொல்லப்படாதா டீச்சரு.’

சிரிப்பு. பால் வேன் வந்து ஒயர் போடும்வரை வளைவிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டு வாசலில் அஞ்சலை. பகலில் இவரைப் பார்த்துக்கொள்பவள், ஆறு மணிக்குப் போக வேண்டியவள். ‘வண்டி எங்க, வண்டி எங்கன்னு வாசல்லயே நின்னுகினு கீறாரு டீச்சர். ஒரு வாய் சாப்டல.’

நான் இறங்கியதும் அவர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். ‘ஏறு மாலதி, நேரமாவுது.’

ஏறினேன். வீட்டுக்குள் எனக்குப் பெயர் கிடையாது. ‘அந்தம்மா’தான். சமைக்க வந்தவள் என்று நினைக்கிறார் போல. வண்டிக்குள் மட்டும் மாலதி. இதை யாரிடமும் சொன்னதில்லை. அரை மணி நேரம் ரேடியோவில் உர விளம்பரம் கேட்டோம்.

நவ. 7, வெள்ளி

கொழுந்தனார் போன். ‘வண்டிய வித்துடுங்க அண்ணி. பாண்டியில ஒரு ஹோம் பாத்து வெச்சிருக்கேன். எத்தினி நாளைக்கி இப்பிடி?’ பார்க்கலாம் என்றேன். பார்க்க மாட்டேன்.

ஜம்ப் ஸ்டார்ட்டர் பற்றி வாங்கியவர்கள் எழுதியதைப் படித்தேன். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து ‘சீக்கிரம் வந்தது, பேக்கிங் அருமை’. பிரித்தே பார்த்திருக்க மாட்டார். இன்னொருவருக்கு இரண்டே மாதத்தில் உப்பிப் போயிருக்கிறது. வெயிலில் வண்டிக்குள் வைக்கக் கூடாது. பயன்படுத்தாவிட்டாலும் அவ்வப்போது சார்ஜ் போட வேண்டும், இல்லாவிட்டால் அதுவும் செத்துவிடும். கவனித்துக்கொள்ள இன்னும் ஒன்று.

தவிர, தினமும் அடியோடு இறங்கினால் பேட்டரியே சீக்கிரம் போய்விடும். ஜம்ப் ஸ்டார்ட்டர் அதைக் காப்பாற்றாது. காலையில் கிளப்பிவிடும், அவ்வளவுதான். என்றைக்கோ முடியப்போகிறதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது. டாக்டர் கொடுக்கிற மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. அதை வாங்காமல் இருக்கிறேனா.

ஆர்டர் போட்டேன்.

நவ. 10, திங்கள்

பார்சல் வந்தது. செங்கல்லைவிடச் சின்னது, ஆனால் கனம். முதலில் சிவப்பு ஒயர், பிறகு கறுப்பு. சார்ஜ் போட்டேன், நிறைந்ததும் அதன் விளக்கெல்லாம் எரிந்தன. லாரி இல்லை, கார் கிளம்பினால் போதும்.

சாயங்காலம் முழுக்கத் தேர்வுத்தாள். மழை பலம். காலையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

நவ. 11, செவ்வாய்

மழை விட்டிருந்தது. ஜம்ப் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கும் ஒருமுறை என்று சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பிவிட்டது.

பேட்டரி இறங்கவே இல்லை. நேற்று அவர் வண்டிக்கு வரவில்லை. நான் கவனிக்கவில்லை.

உள்ளே போய் மாற்றுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன். கையைப் பிடித்து அழைத்து வந்து கதவைத் திறந்துவிட்டேன். சுற்றிப் பார்த்தார். பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

‘நல்லா வெச்சிகிறீங்க. யாரு வண்டிங்க இது?’

‘ஏறுங்க’ என்றேன்.

‘அடுத்தவங்க வண்டியில ஏறக்கூடாதுங்க.’ சாவியை என்னிடமே கொடுத்துவிட்டார்.

‘பசியா இருக்கும். டிபன் குட்த்தா சரியாயிடுவாரு டீச்சர்’ என்று அஞ்சலை அவரை உள்ளே அழைத்துப் போனாள்.

முதல் மணிக்கு முன்பே பள்ளியில் இருந்தேன். தலைமையாசிரியர், ‘வண்டி சரியாயிட்சா மேடம்?’ என்றார்.

ஆயிடுச்சு சார் என்றேன்.