ஒரே நாளில் நீந்தினோம் என்று சொல்

புவெப்லா முகாம்,
11 ஜூலை 1847

அன்புத் தம்பி ஃபின்டனுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய் என்று இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் சலவைக்காரம்மா சொன்னாள். அன்றைக்கு எனக்கு ரொட்டியே இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

உன் அக்கா சபைனா கடிதம் போட்டிருக்கிறாள். அயர்லாந்தில், நம் கானமாராவில், போன உருளைக்கிழங்கு அறுவடையும் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டதாம். "அவர் ஏன் எனக்கு எழுதுவதில்லை, அண்ணா?" என்று புருஷனைப் பற்றிக் கேட்கிறாள். கார்மக் என் படைப்பிரிவில் சுகமாக இருக்கிறான் என்று பதில் எழுதினேன். வேறு என்ன எழுதுவது? உன் தம்பி அமெரிக்கப் பட்டாளச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆற்றை நீந்தி மெக்சிகோக்காரர்களிடம் போய்விட்டான், உன் புருஷனும் அவன் பின்னாலேயே போய்விட்டான் என்றா?

சீக்கிரம் நாங்கள் தலைநகரை நோக்கிப் புறப்படுகிறோம். சுவருக்கு மேலே நீங்கள் இருவரும், கீழே நான். பிடிபட்டால் உங்களுக்குத் தூக்கு. அதற்குள் எங்காவது மலைப்பக்கம் போய்விடுங்கள், தம்பி.

உன் அண்ணன்,
மலக்கி


மெக்சிகோ நகரம்,
26 ஜூலை 1847

அன்புள்ள அண்ணா,

கோபமாகத்தான் எழுதியிருக்கிறாய். இருந்தாலும் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

நான் பயந்து ஓடவில்லை. கத்தோலிக்கப் பூசைக்குப் போனதற்காக என் கைகாலைக் கட்டி, வாயில் மரக்கட்டையைத் திணித்து வெயிலில் போட்டானே அந்த சார்ஜன்ட், நீயும் பார்த்துக்கொண்டுதானே நின்றாய்? "உன் சாமியே வந்து அவுத்து விடட்டும்டா" என்றான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆனால் ஊரில் பண்ணையாரின் ஆட்கள் நம் கூரையைப் பிரித்து எறிந்த மாதிரி, இங்கே இன்னொருவன் கூரையை நான் பிரிக்க வேண்டுமா? என்னால் முடியவில்லை.

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து பூட்ஸைத் தைத்துக்கொண்டிருக்கிறார். "உங்கண்ணன் அந்த கார்ப்பரல் பட்டையை ரொம்பத் தேய்க்க வேணாம்னு எழுது. வெயில்ல மின்னுச்சுன்னா குறி வைக்க வசதியாப் போயிடும்" என்கிறார். எங்களுக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்ச நேரம்தான். பீரங்கியை எந்தப் பக்கம் திருப்பச் சொன்னாலும் நான் முதலில் உன் முகத்தைத்தான் தேடுகிறேன்.

மலைப்பக்கம் போகச் சொல்லாதே. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
ஃபின்டன்


சான் ஆங்கெல்,
24 ஆகஸ்ட் 1847

தம்பி,

நகருக்கு வெளியே துறவிகள் மடத்தில் நடந்த சண்டையில் பிடிபட்டவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனபோது உன்னைப் பார்த்தேன். கார்மக் உன் தோளைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு வந்தான்.

விசாரணை தொடங்கிவிட்டது. நன்றாகக் கேள். போர் அறிவிப்புக்கு முன்பே ஓடியவர்களைத் தூக்கில் போடச் சட்டத்தில் இடமில்லை. கசையடி, கன்னத்தில் சூடு, அவ்வளவுதான். நீ போனது போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில், அறிவிப்புக்கு ஒரு மாதம் முன்பே. ஆற்றங்கரையில் அன்றைக்கு நான்தான் காவல். யார் எந்த நாளில் ஓடினார்கள் என்று குறித்த ஏடு தொலைந்துவிட்டதால் சாட்சியைத்தான் கேட்கிறார்கள். வந்து சாட்சி சொல்கிறேன். பார்த்தும் சுடவில்லையே என்று என் பட்டையைப் பிடுங்கினால் பிடுங்கட்டும்.

இதைக் கொண்டுவரும் பாதிரியார் கையில் இரண்டு வரியாவது எழுதிக் கொடுத்தனுப்பு.

மலக்கி


சிறை,
27 ஆகஸ்ட் 1847

அண்ணா,

அத்தானுக்கும் சேர்த்துச் சொல். அவர் மழைக்காலத்தில், போர் தொடங்கிய பிறகு வந்தார் என்பது நம் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒரே நாளில் நீந்தினோம் என்று சொல். ஒரு வார்த்தைதான். அக்காவை நினைத்துக்கொள்.

அவர் என்னைக் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

ஃபின்டன்


சான் ஆங்கெல்,
3 செப்டம்பர் 1847

அன்புத் தம்பிக்கு,

உனக்குத் தூக்கு இல்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பைபிள்மேல் கை வைத்து உன்னைப் பற்றிச் சொன்னேன். விசாரித்த மேஜர் தலையாட்டினார். பிறகு கார்மக்கைக் காட்டி, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனாங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் போனேன், தம்பி. சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். ஆனால் அவருக்குப் பின்னால், உன்னை வெயிலில் கட்டிப்போட்ட அந்த சார்ஜன்ட் உட்கார்ந்திருந்தான். போர் தொடங்கிய பிறகு கார்மக்கைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தவன் அவன்தான். நான் பொய் சொன்னால் எழுந்து மறுப்பான். இது பொய் என்றால் முதலில் சொன்னதும் பொய் என்று உன்னையும் தூக்கில் போட்டுவிடுவார்கள்.

"இல்லைங்கய்யா. அவன் அப்புறமாத்தான் போனான்" என்றேன்.

கார்மக் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பார்வையில் கோபம் தெரியவில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

இருவரில் ஒருவரைத்தான் என்னால் மீட்க முடிந்தது. நீ என்னைப் புரிந்துகொள்வாய் என்று நம்புகிறேன். பதில் எழுது.

உன் அண்ணன்,
மலக்கி


சிறை,
19 செப்டம்பர் 1847

மலக்கி அண்ணனுக்கு,

கன்னத்துப் புண் ஆறி வருகிறது. பேச முடிகிறது.

தூக்கில் போட்டவர்களுக்குக் குழி வெட்டும் வேலையை எங்களிடம்தான் கொடுத்தார்கள். அத்தானுக்கு நான் வெட்டினேன். அவர் உயரம் உனக்குத் தெரியுமே. நீளமாகவே வெட்டினேன்.

கயிறு மாட்டும் முன் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தவன் அந்த சார்ஜன்ட்தான். அத்தான் முகத்துக்கு நேரே நின்று, "நீ யாருடா? விசாரணைக்கு முன்னாடி உன்ன நான் பாத்ததே இல்லையே" என்றான். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கு அவரை ஞாபகமே இல்லை, அண்ணா. எத்தனை முதுகுகளை அடித்தவனோ. நீ ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் வாயே திறந்திருக்க மாட்டான்.

அது உனக்குத் தெரிந்திருக்க முடியாது. எனக்குப் புரிகிறது. ராத்திரியும் பகலும் அதையே எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தான் உன்னிடம் சொல்லச் சொன்னது இது: "மலக்கி மேல எனக்கு வருத்தமில்லைன்னு சொல்லு. அவன் எடத்துல நான் இருந்திருந்தாலும் உன்னத்தான் காப்பாத்தியிருப்பேன்." சொல்லிவிட்டேன். அது அவருடைய மனசு. எனக்கு அந்த மனசு வரவில்லை.

மடத்துச் சண்டையில் குண்டு பட்டு, வலி தெரியாமல் போய்ச் சேர்ந்தார் என்று அக்காவுக்கு எழுதிவிட்டேன். நீயும் அப்படியே எழுது. இந்தப் பொய்க்கு பைபிள் கேட்பவர் யாருமில்லை.

எனக்கு இனி எழுத வேண்டாம். உன் கடிதம் வந்தால் வாங்க வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிட்டேன்.

ஃபின்டன் லவெல்