அன்னாசி வரும் வாசல்

உ
பொந்தியான் கெச்சில்,
1927, மாசி மாதம்

என் கண்ணான மகள் கிருஷ்ணம்மாவுக்கு அப்பா மனம் நிறைந்து ஆசீர்வதித்து எழுதுவது. தைப்பிங் மழையில் நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்க அந்த முருகன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே நான் சௌக்கியம், உன் அம்மா சௌக்கியம், இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்கிறோம். பேசாமல் இருந்தது உனக்குத் தெரிந்திருக்காது, உன் மாமா சபாபதி எழுதியிருந்தாலும் எழுதியிருப்பார், அவர் எழுதியதை நம்ப வேண்டாம், நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் நான் இங்கே ஆற்றோரம் ஒரு பாக்டரி வாங்கினேன். அன்னாசிப் பழத்தை வெட்டிச் சீனிப்பாகில் போட்டு டின்னில் அடைக்கிற பாக்டரி, வைத்திருந்த சீனர் ஊருக்குத் திரும்பிப் போவதால் விற்றார். பெரிய தகரக் கொட்டகை, உள்ளே நீள நீள மேசைகள், யானையை உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு அண்டா. உன் அம்மா தென்னந்தோப்பு வாங்கச் சொன்னாள். நான் யோசித்துப் பார்த்தேன், தோப்பு வாங்கினால் தேங்காய் திருட்டுப் போகும், வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் குடி வந்தவள் தினமும் வந்து கூரை ஒழுகுகிறது என்பாள், பாக்டரியை வாடகைக்கு விட்டால் ஒரே ஒரு தவுக்கே, அதாவது சீன முதலாளி, வருவார், அன்னாசிப் பழம் கூரை ஒழுகுகிறது என்று யாரிடமும் போய்ச் சொல்லாது. இதில் என்ன தப்பு என்று நீயே சொல். வாங்கின கையோடு எஸ்டேட் துரையிடம் போய் மார்கழியோடு கிராணி வேலையை விட்டு நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சொந்தமாகப் பாக்டரி வைத்திருக்கிற மனுஷன் விடியாத இருட்டில் பெரட்டுக் களத்தில் நின்று கூலியாட்களைப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள். வேலையோடு எஸ்டேட் வீடும் போகும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, தை பிறப்பதற்குள் வாடகை வந்துவிடும், டவுனில் வீடு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாடகைக்கு ஆள் வராவிட்டால் தலைக்கு மேல் கூரை இல்லை என்று உன் அம்மா சொன்னாள், அதற்கு நான் அவ்வளவு பெரிய தகரக் கூரை இருக்கிறதே என்று சும்மா தமாஷாகச் சொன்னேன். அன்றைக்குத்தான் அவள் என்னோடு பேச்சை நிறுத்தினாள்.

இதற்கு நடுவில் உன் மாமாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியது நான் செய்த நல்ல காரியம், அது எப்படிக் கெட்டது என்று கேள். அவருக்கு மனை சாஸ்திரம் அத்துப்படி என்று ஊரே சொல்கிறது. கயிறு பிடித்து அளந்தார், மூலைக்கு மூலை நின்று மோந்து பார்த்தார், கடைசியில் வாசல் தெற்கே ஆற்றைப் பார்த்து இருக்கிறது, தெற்கு யமன் திசை, முன்னே இருந்தவன் ஊரைவிட்டுப் போனதே இதனால்தான், இதை அடைத்துவிட்டுக் கிழக்கே வாசல் வை, லட்சுமி அந்தப் பக்கமாகத்தான் வருவாள் என்றார். கிழக்கே முழங்கால் அளவு சேறும் நீப்பா மரமும்தான். எனக்கும் சுருக்கென்றது, ஆனாலும் மச்சான் சொல்லைத் தட்டினால் உன் அம்மாவுக்குக் கோபம் இரட்டிப்பாகும் என்று பயந்து அப்படியே செய்தேன். அவளோ அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு கோழியைப் பார்த்து, எனக்கும் அவருக்கும் கேட்கிற மாதிரி, "லட்சுமிக்கு நீஞ்சத் தெரியுமான்னு யாராச்சும் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

புது வாசல் வைத்தால் பால் காய்ச்ச வேண்டுமே. பெரிய இடத்துக்குச் சின்னச் சட்டி மரியாதையில்லை என்று எஸ்டேட் பாலையெல்லாம் சேர்த்து அந்த அண்டாவிலேயே ஊற்றச் சொன்னேன். பொங்கும் பொங்கும் என்று எல்லாரும் கைகூப்பி நின்றோம், அண்டாவில் ஒட்டியிருந்த பழைய அன்னாசிப் புளிப்பில் பால் பூராவும் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. உன் மாமா கொஞ்சமும் அசையாமல், பால் பிரிந்தால் பகை பிரியும் என்று ஏதோ சொல்லிக் கற்பூரம் காட்டிவிட்டார்.

மார்கழிக் கடைசியில் ஒரு தவுக்கே பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு மாலையோடு கிழக்கு வாசலில் நின்றேன். அவர் தன் வழக்கப்படி தொங்கான் படகில் ஆற்று வழியாக வந்து இறங்கி, வாசல் இருந்த இடத்தில் பலகை அடித்திருப்பதைப் பார்த்துச் சுவரைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே சத்தம் கேட்டு உன் மாமா யமன்தான் தட்டுகிறான் என்று நினைத்துத் திறக்காதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தவுக்கே கொட்டகையைச் சுற்றிச் சேற்றில் இறங்கி ஒரு கால் சப்பாத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்றார், நான் மாலையைப் போட்டேன். பழம் எப்படி உள்ளே வரும் என்று மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் யமன் திசையைப் பற்றி விளக்கிச் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்தேன், அவர் முகம் கறுத்துப் போய், அப்படியானால் எங்கள் சாஸ்திரம் பார்க்கிற ஆளும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தை பிறந்தது, புதுக் கிராணி பெண்டாட்டியோடும் ஆடுகளோடும் வந்து நம் வீட்டு வாசலில் நின்றான், நாங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பாக்டரிக்கு வந்தோம். உன் அம்மா டின்னுக்குப் பேப்பர் ஒட்டுகிற மேசையில் படுத்தாள், நான் பழம் வெட்டுகிற மேசையில் படுத்தேன். மழை வந்தால் தகரத்தின் சத்தத்தில் பேசினாலும் கேட்காது, அதனால் அவள் பேசாதது பெரிதாகத் தெரியவில்லை என்று நான் சொன்னால் அது பொய் மகளே. எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம் ஒருநாள் தவுக்கேயின் ஆள் வந்தார், நல்ல வயசாளி, கையில் பித்தளைத் திசைகாட்டி. அவரும் உன் மாமாவும் காலையிலிருந்து கொட்டகையைச் சுற்றினார்கள். செல்வம் தண்ணீரோடு வரும், வாசல் ஆற்றைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் அவர், யமன் வருவான் என்கிறார் இவர், இரண்டு பேருக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தையில் பேசுகிற பசார் மலாய், அதில் யமனுக்குப் பேர் இல்லாமல் உன் மாமா நாக்கைத் தள்ளி மீசையை முறுக்கிக் காட்டினார். தவுக்கே தொங்கானில் உட்கார்ந்து கிளம்பலாமா என்கிறார். அப்போது உன் அம்மா அகப்பையோடு வெளியே வந்து உன் மாமாவிடம், "யமன் ஆளத் தேடித்தானே அண்ணே வருவான், அன்னாசிப் பழத்தோட அவனுக்கு என்ன வேலை? ஆளுங்க கிழக்கால வரட்டும், பழம் தெக்கால வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அதையே மலாயிலும் அந்தப் பெரியவருக்குச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு தரம் தெற்கையும் ஒரு தரம் கிழக்கையும் பார்த்துவிட்டு, எங்கள் சாஸ்திரத்திலும் இது உண்டு என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

தவுக்கே சம்மதித்தார், ஆனால் மாசி முதல் தேதி கொட்டகை காலியாக வேண்டும் என்றார். தலையை ஆட்டிவிட்ட பிறகுதான் நினைத்தேன், இனி எங்கே போய்ப் படுப்பது என்று. உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே தவுக்கேயிடம், ஆட்களுக்குப் பேர் கூப்பிட யார் இருக்கிறார்கள், இவர் கூப்பிட்டால் அடுத்த எஸ்டேட்டுக்குக் கேட்கும், குடியிருக்க ஒரு வீடு மட்டும் கொடுத்தால் போதும் என்றாள். ஆக, கொட்டகைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த அத்தாப்பு வீட்டில் குடியிருக்கிறோம். அன்னாசிப் பழம் ராஜா மாதிரி தெற்கு வாசலில் வந்து இறங்குகிறது, பாக்டரிக்குச் சொந்தக்காரனாகிய நான் விடியாத இருட்டில் சேற்றுப் பலகையில் ஆடி ஆடிக் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய்ப் பேர் கூப்பிடுகிறேன். முதல்நாள் விடிகாலை உன் அம்மா என் தலைமாட்டில் காப்பியை வைத்து, "எந்திரிங்க கிராணி, நேரமாச்சு" என்றாள். நேரே என்னைப் பார்த்துச் சொன்னாள் மகளே. எனக்குக் கண் கலங்கிவிட்டது, காப்பிச் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

தைப்பிங் ஸ்டேஷன் பக்கத்தில் ஏதாவது காலிக் கொட்டகை மாப்பிள்ளையின் கண்ணில் பட்டால் விசாரித்து எழுதச் சொல். வேண்டாம், விசாரிக்க வேண்டாம் என்று எழுதச் சொல்கிறாள் உன் அம்மா. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள், மழையில் துணி காயாவிட்டால் ஈரத்தோடு உடுத்தாதே, குளிருக்கு மிளகு ரசம் வைத்துக் குடியுங்கள். நீங்கள் இருவரும் குறைவில்லாமல், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டு நீடூழி வாழ வேண்டும். கையெழுத்துக்கு மேலே பாக்டரி முதலாளி என்று போடலாம் என்று நினைத்தேன், உன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு உன் அப்பா,
கிராணி சதாசிவம்