நான்காவது பொத்தான்

ஈரக் கம்பளி காயும் வாசனை நேற்று மதியம் என் அறைக்குள் வந்தது. குன்னூரில் விடாத மழை. நனைந்த ஸ்வெட்டரை யாரோ சர்வரின் பின்பக்கம், சூடான காற்று வரும் இடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். கூடாது என்று சொல்ல வேண்டியவள் நான். அதற்குப் பதில் பக்கத்தில் போய் நின்றேன். நீயும் அப்படித்தான் காயப்போடுவாய். அந்த வாசனையில் நீ இருந்தாய்.

நீ காய்ச்சலில் போய்விட்டதாகப் போன மாதம் உன் தம்பி திருப்பூரிலிருந்து அழைத்துச் சொன்னான். இறந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். இருந்தும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

நாம் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியின் மாடி அறையில், எஸ்டேட்டுக்கு ஒன்றாக நான்கு சர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி மானிட்டர், தனி கீபோர்டு. இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் நீ. மதியத்தில் ஜன்னல் இடுக்கு வழியே பனிமூட்டம் உள்ளே வந்து, திரைகளின் நீல வெளிச்சத்தில் சற்று நேரம் நிற்கும். யாரும் பேசாத அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். உனக்குப் பிடிக்காது. ஏதாவது பாடிக் கலைத்துவிடுவாய்.

பிறகு தேயிலை விலை விழுந்தது. கொழுந்து பறித்தாலும் வாங்க ஆளில்லை. செலவைக் குறைக்க மேனேஜர் ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். நான்கு சர்வர்களையும் அதில் இணைத்துவிட்டால் ஒரே கீபோர்டு, ஒரே மானிட்டர், ஒரே மவுஸ் போதும். எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த சர்வர் திரைக்கு வரும். தரையில் உட்கார்ந்து நாம்தான் வயர்களை மாட்டினோம். எழுந்ததும் நீ சிரித்தாய்.

"எம்.எஸ்ஸி. அம்மா, விளங்குதா? ஒருத்தி கழுத்துக்கு நாமளே சுருக்கு மாட்டியிருக்கோம்."

மறுநாளே மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க, ஒரு கீபோர்டுக்கு எதுக்குங்க ரெண்டு பேரு? உங்களுக்குள்ளயே பேசி ஒருத்தரச் சொல்லிப்போடுங்க."

பந்தலூர்ப் பக்கம் உன் அப்பா அம்மா வேலை பார்த்த எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. குன்னூரில் அத்தை வீட்டில் தங்கி நீ அனுப்பும் பணம்தான் லயத்து வீட்டில் அடுப்பை எரித்தது. எனக்குப் பட்டினி பயம் இல்லை. வேலை போனால் கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள், அவ்வளவுதான். யாருடைய பயம் பெரியது என்று நாம் பேசிக்கொள்ளவில்லை.

காலை உனக்கு, மதியம் எனக்கு, சம்பளம் பாதிப் பாதி என்று நீதான் சொன்னாய். நடக்காது என்றேன்.

"நீ என்னைக்கு நடக்கும்னு சொல்லியிருக்க? கேட்டுப் பாப்பமே."

மேனேஜர் தாடையைத் தடவினார். "செலவு ஒண்ணுதானுங்களே. சரி, பாருங்க."

அதன்பின் நாம் பார்த்துக்கொள்வதே அரிதாயிற்று. நான் வரும்போது நீ போயிருப்பாய். காலை வெயில் அந்த மேசையில் எப்படி விழும் என்று நான் கற்பனை செய்துகொள்வேன். அது உன் பாதி, நான் பார்க்காதது.

நான்காவது சர்வருக்குரிய எஸ்டேட் அப்போது மூடியாகிவிட்டது. சர்வர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பொத்தானை அழுத்தினால் உள்ளே நுழையப் பெயரைக் கேட்கும் ஒரு கட்டம் வரும். ஒரு மதியம் அந்தக் கட்டத்தில், ஆங்கில எழுத்தில், உன் தமிழ் இருந்தது: "நாற்காலி இன்னும் சூடா இருக்கா?"

என்டரைத் தட்டினால் தப்பான பெயர் என்று அழித்துவிடும். தட்டாதவரை நிற்கும். நான் உன் வரியை அழித்து, "ஆறிவிட்டது" என்று அடித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து தினமும் ஒரு வரி.

ஒருநாள் அந்தக் கட்டத்தில், "உப்பு கம்மிங்க" என்றிருந்தது. உன் பேச்சு அல்ல. டிராயரைத் திறந்தேன், காலி டப்பா. எனக்குச் சுண்டல் வைத்து அதைத் திரையில் எழுதியிருக்கிறாய். மேனேஜர் படித்து, தின்று, பதிலும் எழுதியிருக்கிறார். சர்வரில் அரட்டை என்று பாதி வேலையும் போகப்போகிறது என்று பயந்தேன். நான் சொல்லிச் சேதி தெரிந்ததும் நீ அடித்து வைத்தாய்: "நாளைக்கு உப்பு கூடப் போடுறேன் சார்." மறுநாளும் டப்பா காலி. யாரும் நம்மைக் கூப்பிடவில்லை.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் உன் பெற்றோரின் எஸ்டேட்டும் மூடியது. குடும்பமே பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் கிளம்பியது. பாதிச் சம்பளத்தில் நீ மட்டும் இங்கே இருந்து என்ன செய்வாய்? நீ சொல்லிக்கொள்ள வரவில்லை. கட்டத்தில் எழுதியிருந்தாய்: "மிச்சப் பாதியும் ஒனக்குத்தான். ஆனா ஒரு ஆளு போதும்னு மட்டும் ஒத்துக்காத."

அதற்கு நான் பதில் அடிக்கவில்லை. அடித்தால் அதை அழிக்க வேண்டும். மற்ற மூன்று பொத்தான்களிலேயே வேலை பார்த்தேன். ஒரு சாயங்காலம் கரண்ட் போய் நெடுநேரம் வரவில்லை. எல்லா சர்வர்களும் அணைந்தன. திரும்ப வந்தபோது கட்டம் வெறுமையாக, பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் கழித்து, இப்போது குன்னூரிலேயே ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்களைப் பற்றிப் போன வாரம் கூட்டத்தில் பேச்சு வந்தது. எல்லாம் ஒரே திரையில் தெரிகிறதே, ஒருவர் போதாதா என்றார்கள். கூட்டங்களில் நான் பேசுகிறவள் அல்ல. கணக்குப்படி அவர்கள் கேட்பது சரி என்பதும் எனக்குத் தெரியும்.

"போதாது" என்றேன்.

காரணம் கேட்டார்கள். "போதாது" என்றே மறுபடியும் சொன்னேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது இப்படிக் கேட்கிறார்கள். என் அறையிலிருந்து இதுவரை யாரையும் அனுப்ப விட்டதில்லை.